ஊதிக் காட்டு

ராயபுரம்
10 நவம்பர் 2025, திங்கள்

டெபோராவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். கோபமாக இருக்கிறேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் அக்கா ஜானட்டுக்குப் போட்டால், "அவ தூங்குறா" என்று காலை பதினோரு மணிக்குச் சொல்கிறார். அதனால்தான் கடிதம். கீழ்வீட்டு அஜீசா உன்னோடு ஒரே இறால் கம்பெனியில் வேலை செய்வது என் அதிர்ஷ்டம். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூடத்து லீவு லெட்டருக்கு அப்புறம் நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணத்துக்கு முன்னால்கூட உனக்கு ஒன்று எழுதியதில்லை.

சனிக்கிழமை நான் குடிக்கவில்லை.

நான்கு வருஷமாக வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்று, உன் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். மாடியில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னா மாமு, டிராபிக் போலீச வூட்லயே வச்சிகினு கீற" என்று கூட வேலை செய்கிற மொஹ்சின் துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான். எனக்கு அதில் வெட்கமில்லை. நான் உனக்குக் கொடுத்த வாக்கு அது.

அன்றைக்கும் நீ "ஊதுய்யா" என்றாய். நான் ஊதினேன் டெபோ. உதடு குவியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி வாய் மரத்துக் கிடந்தது, காற்று ஓரத்தில் கசிந்து போயிற்று. நீ அதை ஊத மறுக்கிறான் என்று எடுத்துக்கொண்டாய். படியில் விழுந்ததும் அப்படித்தான். கால் என்னுடையது போலவே இல்லை.

போன மாதம் நம் தெருவே சிக்குன்குனியாவில் படுத்து எழுந்தது, உனக்கே தெரியும். எனக்கும் ஜுரம் விட்டது, வேலைக்குப் போனேன். அதற்கப்புறம் உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. குடைச்சலுக்குத்தான் தைலம் தேய்த்தேன். வேறு எதையும் மறைக்க இல்லை.

மாதா சுரூபத்தின் முன்னால் நீ என் கழுத்தில் போட்டுவிட்ட உத்தரியம், நூலில் கோத்த அந்த மாதா படத் துணி, இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. குடித்தால் அதை நானே கழற்றி உன் கையில் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் கேள்வி கிடையாது, சண்டை கிடையாது, அவரவர் வழி. அதுதானே பேச்சு. கழற்றவில்லை. நம் பிள்ளை சாராவைக் கூட்டிக்கொண்டு வா.

அருள்பிரகாசம்


எர்ணாவூர்
11 நவம்பர்

நீங்கள் எழுதியது கிடைத்தது. இறால் மேசையில் எல்லோர் கண் முன்னாலும் அஜீசா கையுறையோடு நீட்டினாள். கடிதம் நனைந்துவிட்டது. ஆனால் எழுத்து அழியவில்லை, எல்லாவற்றையும் படிக்க முடிந்தது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு கூடை இறாலை மூக்குக்கு நேரே தூக்கினால், நேற்றுப் பிடித்ததா அதற்கு முந்தினதா என்று சொல்லிவிடுவேன். சூப்பர்வைசர் என்னைக் கேட்டுத்தான் கூடையை ஒதுக்குகிறார். இந்த மூக்கு கம்பெனியில் பழகியது இல்லை. வீட்டு வாசலில் பழகியது. பதினோரு வருஷம் நீங்கள் கொடுத்த பயிற்சி.

சனிக்கிழமை என் மூக்குக்கு வந்தது தைலம். வெறும் தைலம். குடித்துக்கொண்டிருந்த நாளில் எப்படி வருவீர்கள், மறந்துவிட்டீர்களா? நெற்றியில் தைலம், காலரில் தைலம், மூக்கடியில் தைலம். கேட்டால் தலைவலி. இப்போது கால் குடைச்சல்.

சிக்குன்குனியா வந்தவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நீங்கள் தள்ளாடினீர்கள். நாக்கு குழறியது. ஊதச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். படியில் விழுந்தவரைத் தூக்க சாரா ஓடினாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன், கோயிலில் அவள் முதல் நன்மை வாங்கிய புதுநன்மை அன்று கேக் மேசை மேல் விழுந்தீர்கள், அன்றைக்கும் வெள்ளைக் கவுனோடு அவள்தான் ஓடி வந்து தூக்கினாள். அதற்கு மறுநாள்தான் உத்தரியம் போட்டேன். இனி ஒரு தரம் ஏமாற மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

நாங்கள் இங்கே அக்கா வீட்டிலேயே இருக்கிறோம். சாரா இங்கிருந்தே பள்ளிக்கூடம் போவாள். உண்மையைச் சொல்ல மனசு வந்தால் கடிதம் வேண்டாம். உத்தரியத்தை அனுப்புங்கள், போதும்.

டெபோரா


ராயபுரம்
13 நவம்பர், வியாழன்

டெபோராவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது. அதற்கும் நீ ஒரு பெயர் வைத்திருப்பாய்.

நேற்றுக் கப்பலில் வேலை. கண்டெய்னர்கள் கடலில் சரியாமல் இருக்கக் குறுக்கே கம்பி போட்டு முடுக்குகிற வேலையை இருபது வருஷமாகச் செய்கிறேன். நேற்று அந்தக் கம்பி என் கையில் நிற்கவில்லை. நழுவி மொஹ்சின் பக்கத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அவன் இல்லை. ஃபோர்மேன் வல்லரசு ஓடி வந்தார். "காலங்காத்தாலயே ஏத்திகினு வந்துட்டியா? போ வூட்டுக்கு" என்றார். மொஹ்சின் எல்லோர் முன்னாலும் என் வாயை மோந்து பார்த்தான். "வாசனை இல்லண்ணே" என்றான். "இப்பல்லாம் வாசனை இல்லாத சரக்குதான்டா வருது" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முகம் அசையவில்லை.

தெருமுனை டாக்டரிடம் போனேன். வரிசை வாசல் தாண்டி நின்றது, எல்லோருக்கும் அதே ஜுரம், அதே வலி. என்னைத் தொட்டுப் பார்க்காமலே, "சிக்குன்குனியா போன பிறகு ஆறு மாசம் இப்படித்தான் இருக்கும்" என்று இடுப்பில் ஒரு ஊசி போட்டார். எனக்கு முட்டி வலி இல்லை டாக்டர், முட்டியே இல்லாத மாதிரி இருக்கிறது என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தெருவே நொண்டும்போது என் நொண்டலை யார் தனியாகப் பார்ப்பார்கள்?

டீ குடித்தால் வாயோரம் ஒழுகுகிறது. கண் முழுசாக மூடவில்லை, திறந்துகொண்டே தூங்குகிறேன். மாடி ஏறக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுக்கிறேன். அந்த மரப்பு நேற்று முழங்கால் வரை இருந்தது, இன்று இடுப்புக்கு வந்துவிட்டது. மேலே ஏறிக்கொண்டே வருகிறது.

பயமாக இருக்கிறது. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன்.

அருள்


எர்ணாவூர்
15 நவம்பர், சனி

உத்தரியம் வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமைக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஆடிப்போயிருந்தேன், அதை மறைக்கவில்லை. முகம் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜானட் அக்கா, "போவாத, இதெல்லாம் நடிப்பு" என்றாள். அவளோடு சண்டை போட்டுவிட்டுப் பையில் துணி எடுத்து வைத்தேன். இன்று வேலை முடிந்து நேரே ராயபுரம் வந்துவிடுவதாக இருந்தேன்.

அதற்குள் அஜீசா கவரைக் கொடுத்தாள். உள்ளே உத்தரியம். ஒரு வரிகூட எழுதவில்லை. அஜீசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உங்களுக்காகப் பரிந்து பேசிப் பேசியே என்னைப் பதினோரு வருஷம் உங்களோடு உட்கார வைத்தவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசினாலும் இனி என் மேசைப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே போனாள்.

பேசியபடி செய்துவிட்டீர்கள். அதற்கு நன்றி. நானும் பேசியபடி செய்கிறேன். கேள்வி இல்லை, சண்டை இல்லை. பைத் துணியைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இனி எழுத வேண்டாம்.

டெபோரா


ராயபுரம்
16 நவம்பர், ஞாயிறு

(எழுதுவது அஜீசா. அண்ணன் சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.)

டெபோ, உத்தரியத்த நா கயட்டல. அறுந்துச்சி. குளிக்க சொக்கா கயட்டும்போது நூலு சிக்கி அறுந்துகிச்சி. ரெண்டு முனையும் கைல கீது, முடி போட முடில. மல மாறி பொட்டிய கப்பல்ல கட்டுறவன் நானு. ஒரு நூலு முடிச்சி வரல. வெரலு சொன்ன பேச்சு கேக்கல. ரொம்ப நேரம் குந்திகினு பாத்தேன்.

அப்பால கவர்ல போட்டேன். நீதான மொதல்ல போட்டுவுட்ட, நீயே முடிஞ்சி குடுப்பன்னு. எழுதலாம்னு பேனாவ எடுத்தேன். பேனா கைல நிக்கல. வெறுங்கவரா குடுத்துட்டேன். நீ இன்னா நெனப்பன்னு அப்ப தோணல. உன் லெட்டரு பாத்த அப்பாலதான் தோணுச்சி.

ரெண்டு வார்த்த சொன்னா மூச்சி வாங்குது. தண்ணி குடிச்சா மூக்கு வயியா வருது.

குடிச்சிட்டு சொல்றேன்னே வச்சிக்க. குடிகாரனாவே இருக்கட்டும். வந்து பாத்துட்டு திட்டு.

(அக்கா, இனி நான் சொல்வது. இவ்வளவு சொல்ல அண்ணனுக்கு ஒரு மதியமே ஆகிவிட்டது. நடுநடுவே நிறுத்தி மூச்சுப் பிடிக்கிறார். உங்கள் மூக்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால் கேட்கிறேன், நீங்களே வந்து மோந்து பாருங்கள். மொஹ்சின் அவரைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டான். இதை உங்கள் கையில் கொடுக்க நான் எர்ணாவூர் பஸ்ஸில் ஏறுகிறேன். நீங்கள் மேசைப் பக்கம் வராதே என்றீர்கள், வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லவில்லை.)


பெரியாஸ்பத்திரி
19 நவம்பர், புதன்

என்னங்க,

இதை சிஸ்டர் செங்கொடி உங்கள் காதருகே படிப்பார். வியாசர்பாடிக்காரர், குரல் கணீரென்று இருக்கும். உள்ளே என்னைக் கொஞ்ச நேரம்தான் விடுகிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு உங்கள் தொண்டைக் குழாயைப் பார்ப்பதற்கே சரியாக இருக்கிறது. அதனால் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓடி வந்தபோது டாக்டர் உங்களை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுக்கு மேல் போகவில்லை. அப்புறம், "கன்னத்தை உப்பி ஊதுங்க" என்றார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டே ஊதினீர்கள். வரவில்லை. ஓரத்தில் கசிந்து போயிற்று. நான் குனிந்து உங்கள் வாயருகே போனேன். ஒன்றும் இல்லை. பசி வாயின் வாசனை, அவ்வளவுதான்.

அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்களுக்கு வந்திருப்பது என்னவென்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கில்லன் பாரே என்று பெயர். டாக்டரை இரண்டு தரம் நிறுத்திக் கேட்டுப் புரிந்துகொண்டேன். ஜுரம் வந்தபோது அந்தக் கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்பியது. கிருமி செத்துவிட்டது, ஜுரமும் விட்டது. ஆனால் படை கலையவில்லை. கரண்ட் ஒயருக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை இருக்கிறதாம். அது அந்தப் படையின் கண்ணுக்குக் கிருமியின் சாயலில் தெரிகிறதாம். எதிரி இன்னும் போகவில்லை என்று நினைத்து உங்கள் நரம்பையே போட்டு அடிக்கிறது. உறை போனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது. காலில் தொடங்கிக் கை, முகம், கடைசியில் மூச்சு. நீங்கள் மேலே ஏறுகிறது என்று எழுதினீர்களே, அதுதான்.

ஜுரம் வந்த எல்லோருக்கும் வருமா என்று கேட்டேன். மிக அபூர்வம் என்றார். சிக்குன்குனியா மட்டுமில்லை, சளி ஜுரத்துக்குப் பிறகும் வரலாம், வயிற்றுப்போக்குக்குப் பிறகுகூட வரலாம். தெருவே படுத்து எழுந்தபோது இவருக்கு மட்டும் ஏன் என்றேன். தெரியாது என்றார். தெரியாது என்று சொன்னதால் அந்த டாக்டரை எனக்குப் பிடித்தது.

அவர் சொல்லிக்கொண்டே போக, எனக்கு என் கதையைச் சொல்வதுபோல் இருந்தது. குடியை அடிக்கத்தான் நான் கம்பைத் தூக்கினேன். குடி போய் நான்கு வருஷமான பிறகும் கம்பைக் கீழே வைக்கவில்லை. அதே சாயலில் ஒன்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். அடி வாங்கியது நீங்கள்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த மருந்தாம், அந்தப் படையை அது அடக்கும் என்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் எழுந்துவிடுவார்களாம். மீதிக் கால்வாசியைப் பற்றி நான் கேட்கவில்லை.

கேட்கிறதா? கேட்டால் சிஸ்டரைப் பார்த்துக் கண்ணை மேலே தூக்குங்கள்.

டெபோரா


தீவிர சிகிச்சைப் பிரிவு
26 நவம்பர்

(எழுதியது செவிலியர் செங்கொடி. எழுத்துப் பலகையை வரிசை வரிசையாகத் தொட்டுக் காட்டினேன். சரியான எழுத்து வந்ததும் கண்ணை மேலே தூக்குவார். மூட அவரால் முடியாது. போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

டெபோ
வலி
மூச்சு என்னுது இல்ல
சாரா வர வேணாம்
நா ஊதினேன்
நீ நம்பல


பெரியாஸ்பத்திரி
28 நவம்பர், வெள்ளி

என்னங்க,

ஆமாம். நம்பவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவும் முடியாமல், மாட்டேன் என்று முகத்தைத் திருப்பவும் முடியாமல் கிடக்கிற மனிதரிடம் மன்னிப்புக் கேட்பது அநியாயம். நீங்கள் பேசுகிற அன்று கேட்கிறேன். அன்றைக்குத் திட்டுங்கள். நீங்கள் திட்டுவதை நான் கேட்க வேண்டும், அதற்காகவாவது இருங்கள்.

நேற்று உங்கள் நெஞ்சில் சளி கட்டி ஜுரம் ஏறியது. ரத்த அழுத்தம் மேலே போய்த் திடீரென்று கீழே விழுந்தது. நான்கு பேர் உங்களைச் சுற்றி ஓடினார்கள், என்னை வெளியே தள்ளினார்கள். அப்புறம் ஃபாதர் வந்து அவஸ்தைபூசுதல் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். எண்ணெய் நெற்றியில் பட்டதும் உங்கள் கண் என்னைத் தேடியது. பயந்துவிட்டீர்கள். அது சாகிறவர்களுக்கு என்றுதான் நாம் சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். குணமாவதற்கும் அதேதான் என்று ஃபாதர் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன், நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று காலை ஜுரம் குறைந்திருக்கிறது. ஆபத்து தாண்டியது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

உத்தரியம் என் பையில் இருக்கிறது. உள்ளே கழுத்தில் எதுவும் போடக் கூடாதாம். நான் முடிச்சுப் போடவில்லை. ஒரு நிமிஷ வேலைதான், ஆனால் போட மாட்டேன். இரண்டு முனையும் அப்படியே இருக்கட்டும், நீங்கள்தான் போட வேண்டும்.

வல்லரசு வந்தார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் வெகுநேரம் நின்றார். நீங்கள் வாயால் குடிக்க முடியாது என்று சொன்னேன். அப்படியும் வைத்துவிட்டுப் போனார். ஏத்திக்கொண்டு வந்ததாக உங்களை அவர் சொன்னதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு ஏது யோக்கியதை?

சாரா நாளைக்கு வருவாள். வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அப்பா வுயுந்தா நாந்தாம்மா தூக்குவேன்" என்கிறாள். அவளை நிறுத்த என்னால் ஆகாது.

டெபோரா


மறுவாழ்வு வார்டு, பெரியாஸ்பத்திரி
2 பிப்ரவரி 2026, திங்கள்

டெபோ,

எழுத்து பெரிசு பெரிசாக, ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்துப் போல இருக்கும். பிசியோதெரபி அம்மா தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார், விரலுக்குப் பயிற்சியாம். மற்ற நாளில் பெயரையும் ஊரையும் எழுதிக் காட்டினேன். இன்று உனக்கு. நேற்று நீ வந்தபோதே வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இறங்கிவிடுவேன். இறங்கக் கூடாத விஷயம் இது. அதனால் மறுபடியும் அஜீசா தபால்.

குழாய்க்காகத் தொண்டையில் போட்ட ஓட்டை மூடிவிட்டது. நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிடித்துக்கொண்டு போகிறேன். கப்பலில் கண்டெய்னருக்குக் கண்டெய்னர் தாவினவன், இப்போது ஓர் அடி வைக்க யோசிக்கிறேன். உறை திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும், சில இடத்தில் வளராமலே போகலாம் என்கிறார்கள். வாயின் இடது பக்கம் இன்னும் சோம்பேறியாகத்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கு எப்போது திரும்புவேன் என்று தெரியவில்லை. அதை இப்போது நினைக்கவில்லை.

போன வாரம் பேச்சுப் பயிற்சியில் ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி ஊதச் சொன்னார்கள். பல நாளாக நடக்கிற வேலைதான், சுடர் ஆடும், அணையாது. அன்றைக்கு அணைந்தது. வார்டே கை தட்டியது. நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறான் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வாசலில் நீ நிற்பாய். பழக்கத்தில் உன் முகம் முன்னால் வரும். பழக்கத்தில் என் வாயும் குவியும், இப்போது குவிகிறது. அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். இனி ஊத மாட்டேன். முடியாமல் இல்லை. முடிகிறது, அதனால்தான் சொல்கிறேன். முடியாத அன்று சொல்லியிருந்தால் அது வேறு.

நீ பதினோரு வருஷம் பட்டதை நான் இல்லையென்று சொல்லவில்லை. நீ ஊதச் சொல்லியிருக்காவிட்டால் நான் இந்த நான்கு வருஷம் நின்றிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமையும் நடந்தது டெபோ. உன் முகத்துக்கு முன்னால் என் மூச்சைத் தேடித் தேடிப் பார்த்தேன், அது வரவில்லை, நீ கதவைச் சாத்தினாய். குழாயோடு கிடந்தபோது என் மூச்சை மெஷின் ஊதியது. அப்போதெல்லாம் நான் அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நம்ப முடிந்தால் கதவைத் திற. முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு, மொஹ்சின் வீட்டில் தரைத்தளத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கோபித்துக்கொள்ள மாட்டேன். சத்தியமாக.

உத்தரியத்தைத் தயாராக வை. முடிச்சு நான் போடுகிறேன். நேரமாகும், பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாதே.

அருள்


ராயபுரம்
3 பிப்ரவரி, செவ்வாய்

என்னங்க,

சரி என்று ஒரே வரியில் எழுதி அஜீசாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் படி இறங்குவதற்குள் ஓடிப் போய் வாங்கிக்கொண்டேன். நீங்கள் யோசித்து எழுதியிருக்கிறீர்கள், நானும் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

உங்களை ஊதச் சொல்லாமல் நான் எப்படித் தூங்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இனி குடிக்கவே மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என எழுதினால் அது பாதிப் பொய். வேலை இல்லாமல் வீட்டில் உட்காரப் போகிறீர்கள், கால் வலிக்கும், மனசு சோரும், தைலம் தேய்ப்பீர்கள். அந்த வாசனை வந்தால் பழைய பயம் எழுந்து வரும். அதை நிறுத்த எனக்கு மருந்து இல்லை. பயம் என்னுடையது. அதை உங்கள் வாயில் தேடுவதை நிறுத்திக்கொள்கிறேன். இவ்வளவுதான் என்னால் கொடுக்க முடிகிற வாக்கு. இது முழு உண்மை.

மொஹ்சின் வீட்டு அறையைப் பற்றி இனி பேசாதீர்கள். கோபம் வருகிறது.

வியாழக்கிழமை மொஹ்சினும் உங்கள் ஆட்களும் நாற்காலியோடு உங்களை மாடிக்குத் தூக்கி வருவார்களாம். வல்லரசும் ஒரு கை பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். படியில் நானே நடக்கிறேன் என்று அவர்களிடம் அடம்பிடிக்காதீர்கள். சாரா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டாள். உத்தரியம் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது, இரண்டு முனையும் தனித்தனியாக. நீங்கள் முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்.

கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் அடுப்படியில் இருப்பேன். வாசலில் நிற்க மாட்டேன். நின்றால் என் மூக்கு அதன் வேலையைப் பார்க்கும். நீங்கள் யாருக்காகவும் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்துவிடுங்கள்.

டெபோரா